நின்றுபோன பிரேயர் பாட்டு

வசந்தா: அப்போ இன்னிக்கும் பாட்டு இல்ல.

எத்திராஜ்: இல்ல.

வசந்தா: பள்ளிக்கூடத்துல பெல்லு அடிச்சிது, பசங்க சத்தம் அடங்கிச்சி. பாட்டு வரும் வரும்னு அடுப்பாண்டயே காதைத் தீட்டிக்கினு நின்னேன். கடைசியில "அட்டென்ஷன்"னு உங்க கொரல்தான் வந்திச்சி.

எத்திராஜ்: என் கொரலும் கொரல்தான்.

வசந்தா: நான் இல்லைன்னு சொன்னேனா? கொல்லையில பூந்த மாட்டை வெரட்ட அது மாதிரி கொரல் வேணும்.

எத்திராஜ்: டீயில சக்கரை போட்டியா, இல்லியா?

வசந்தா: போட்டேன்.

எத்திராஜ்: கசக்குது.

வசந்தா: டீ கசக்கல. தணிகைவேல் வாத்தியார் பேரை எடுத்தா உங்களுக்குக் கசக்கும்.

எத்திராஜ்: நீ இன்னும் அந்தப் பேரை எடுக்கவே இல்லியே!

வசந்தா: எடுக்கப் போறேன்னு தெரிஞ்சே கசந்திருக்கு.

எத்திராஜ்: அது இன்னா, வூடு பூரா எண்ணெய் வாசனை?

வசந்தா: அதிரசம். அவரைப் புள்ளலூருக்கு மாத்திட்டாங்களாமே. நாளைக்கு மொத பஸ்ஸுல போறாராம். ஒண்டிக்கட்டை மனுசன், வெறுங்கையோட அனுப்பறதா?

எத்திராஜ்: ஒண்டிக்கட்டைன்னு உனக்கு யார் சொன்னது?

வசந்தா: ஊருக்கே தெரியும். இப்போதான் பொண்ணு பார்த்துக்கினு கீறாங்க.

எத்திராஜ்: அந்தாளு பக்கத்து நாற்காலியில உக்காந்துகினு கீற எனக்குத் தெரியல. அடுப்பாண்ட நிக்கிற உனக்குத் தெரியுது.

வசந்தா: பக்கத்துல உக்காந்தா போதுமா? ஒரு வார்த்தை பேசணும். மொறைச்சிக்கினே உக்காந்தா யார் இன்னா சொல்லுவாங்க?

எத்திராஜ்: அவன்கிட்ட பேச இன்னா கீது? சட்டைப் பையில ஒரு சீப்பு. பாடறதுக்கு முன்னால தலையை ஒரு தரம் வாருவான். அப்பால தொண்டையைச் செருமுவான் பாரு... முட்டை போடப் போற கோழியாட்டம்.

வசந்தா: செருமினா இன்னா, அப்பால வந்த பாட்டு எப்பிடி இருந்திச்சி! ரோட்டுல போற மாட்டு வண்டிக்காரங்கூட வண்டியை நிறுத்திட்டு கேப்பான். ரேடியோவுல பாட வேண்டிய மனுசன்.

எத்திராஜ்: அப்போ ரேடியோவுக்கே போவட்டும். கணக்குப் பாடம் நடத்தற எடத்துல இன்னா வேலை?

வசந்தா: அவரு தமிழ்ப் பாடம்தானே நடத்தறாரு?

எத்திராஜ்: எனக்கு எப்போ சுட்டே நீ அதிரசம்?

வசந்தா: ஏங்க, நமக்கு தீபாவளி இல்ல, எண்ணெய்ச் சட்டி வெக்காதேன்னது யாரு? நானா?

எத்திராஜ்: அது கொள்கை.

வசந்தா: இது அதிரசம். ஒண்ணு எடுத்துக்குங்க, சூடா கீது.

எத்திராஜ்: வேணாம். அடுத்தவனுக்குச் சுட்டது.

வசந்தா: சின்னப் புள்ளையாட்டம்... பாவம் அவரு. இன்னா தப்பு பண்ணாரு? பெரிய வாத்தியார் பிரேயர்ல பாடச் சொன்னாரு, பாடினாரு. முருகன் பாட்டுதானே?

எத்திராஜ்: அரசாங்கச் செலவில் நடக்கும் பள்ளியில் ஒரு மதத்தின் பாடலைப் பாடுவது முறையல்ல. அரசியல் சட்டம் அதற்கு இடம் தரவில்லை.

வசந்தா: யப்பா! இன்னாது, திடீர்னு மேடையில ஏறிட்டீங்க?

எத்திராஜ்: இருக்கறதைத்தானே சொன்னேன்.

வசந்தா: உங்களுக்கு ஒரு பழக்கம் கீது. மனசுல ஒண்ணு வெச்சிக்கினு வெளிய ஒண்ணு பேசசொல்ல, புஸ்தகத்துல கீறாப்பல பேசுவீங்க. எங்கம்மா வந்தா "தங்கள் வருகை மகிழ்ச்சி அளிக்கிறது"ம்பீங்களே... அது மாதிரி.

எத்திராஜ்: வெளையாடாதே வசந்தா. எல்லாச் சாமி கும்பிடற பசங்களும் படிக்கிற எடம் அது. சாமி கும்பிடாத வூட்டுப் பசங்களும் வரும். வெள்ளிக்கிழமை ஆனா தட்டுல விபூதி வெச்சி வரிசையா பூசறதும், பாட்டு முடியற வரைக்கும் கை கூப்பச் சொல்றதும்... அது பள்ளிக்கூடமா, கோயிலா?

வசந்தா: அது சரிதான்.

எத்திராஜ்: சரிதானே?

வசந்தா: சரிதான்னுதானே சொல்றேன். நீங்க ஏன் இப்பிடி வேர்த்து வழியறீங்க?

எத்திராஜ்: வெயிலு.

வசந்தா: பொழுது சாயசொல்ல வெயிலு!

ஞானதாஸ்: வாத்தியாரே... வூட்ல கீறீங்களா?

வசந்தா: யாரு? மோட்டார் மெக்கானிக் ஞானதாசா? வாங்கண்ணே. ஏன் வாசல்லயே நிக்கிறீங்க?

ஞானதாஸ்: கையெல்லாம் கிரீசும்மா, இங்கயே நிக்கிறேன்... பாருங்க, பழக்கத்துல சொல்றேன். இன்னிக்குக் கையில கிரீசுகூட இல்ல. யாரும் வேலைக்குக் கூப்பிடல.

எத்திராஜ்: ஏன்? ஊர்ல மோட்டாரெல்லாம் நல்லா ஓடுதா?

ஞானதாஸ்: எங்க சார் ஓடுது? சின்னராசு கெணத்து மோட்டார் காயில் எரிஞ்சி, பயிர் வாடிக்கினு கீது. வாலாஜாபாத்லேர்ந்து ஆளைக் கூட்டியாந்தாங்க. எங்க வூட்டு வாசலைத் தாண்டித்தான் கூட்டிக்கினு போனாங்க. நான் கட்டில்ல உக்காந்துகினு பார்த்தேன்.

வசந்தா: அய்ய, இன்னாத்துக்கு அப்பிடி?

ஞானதாஸ்: பள்ளிக்கூடத்துப் பாட்டை நிறுத்தினவன் நான்தானாம். இந்த ஊர்ல சர்ச்சுக்குப் போற வேதக்கார வூடு எங்க வூடு ஒண்ணுதானே. "ஸ்கூல் இன்ஸ்பெக்டருகிட்ட வேற எவன் சொல்லியிருப்பான், அந்த சலோமி பொண்ணோட அப்பன்தான்"னு பேசிக்கினு கீறாங்க.

எத்திராஜ்: நீ... நீ சொன்னியா?

ஞானதாஸ்: நான் எங்க சார் சொன்னேன்? அந்த இன்ஸ்பெக்டரு ஜீப்பு வந்த அன்னிக்கு நான் திருப்புலிவனத்துல ஒரு கெணத்துக்குள்ள எறங்கிக் கீறேன். மேல வந்து ஊருக்குத் திரும்பினா எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கறாங்க.

வசந்தா: நெசத்தைச் சொல்லுங்கண்ணே. உங்களுக்கு அந்தப் பாட்டு கஷ்டமா இல்லியா?

ஞானதாஸ்: ...இருந்திச்சிம்மா. பொய் சொல்ல மாட்டேன். பாட்டு நல்லாத்தான் கீது. சலோமிகூட வூட்ல அந்தப் பாட்டையே முனகிக்கினு இருக்கும், அவங்கம்மா அதட்டுவா. விபூதிதான் பேஜாரு. வேணாம்னு சொன்னா பசங்க எல்லாம் திரும்பிப் பார்க்கும். வெச்சிக்கினு வந்தா வூட்ல அழுகை. அதனால வெள்ளிக்கிழமை ஆனா தண்ணித் தொட்டியாண்ட போயி, யாரும் பார்க்காம தொடச்சிக்கினு கிளாசுக்குப் போவும். ஒரு தரம் லேட்டாயிப் போச்சின்னு வெளிய நிக்க வெச்சிட்டாங்க. எதுக்கு லேட்டுன்னு கேட்டா அது இன்னான்னு சொல்லும்?

எத்திராஜ்: இத்த நீ எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, ஞானதாசு.

ஞானதாஸ்: சொல்லி? ஒரு வூட்டுக்காரன் சொல்லி ஊர் பாட்டை நிறுத்தறதா? பொறுத்துக்கினு போவலாம்னு இருந்தேன். யாரோ புண்ணியவான் சொல்லிட்டான். பாட்டு நின்னதுல உள்ளுக்குள்ள எனக்கு சந்தோசம்தான் சார். அந்த சந்தோசத்தைக்கூட வெளிய காட்ட முடியல. சிரிச்சா, இதோ பாரு இவன்தான்னுடுவாங்க.

வசந்தா: இப்போ இன்னாதான் பண்ணச் சொல்றாங்க?

ஞானதாஸ்: வெளக்கு வெக்கிற நேரத்துக்கு அம்மன் கோயிலாண்ட வரச் சொல்லிக்கீறாங்க. எரியற கற்பூரத்தை உள்ளங்கையால அடிச்சி அணைச்சி, நான் சொல்லலைன்னு சத்தியம் பண்ணணுமாம்.

எத்திராஜ்: நீயா? நீ எப்பிடி அம்மனுக்கு முன்னால...

ஞானதாஸ்: அதான் சார் நானும் கேக்கறேன். அணைச்சா, எங்க சர்ச்சு வாசப்படியை எந்த மூஞ்சியோட மிதிப்பேன்? என் பொண்டாட்டி மாதாகிட்ட அழுதுகினு உக்காந்துக்கினு கீறா. அணைக்கலைன்னா, குத்தவாளி நான்தான்னு ஆயிடும். தொழில் போச்சி. சலோமியைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்திடலாம்னு கீறேன்.

எத்திராஜ்: ஏய், அதெல்லாம் கூடாது. அந்தக் கிளாசுல கணக்கு வர ஒரே பொண்ணு அது.

ஞானதாஸ்: அதுக்காகத்தான் ஓடியாந்தேன். நீங்க சாமி இல்லைங்கறவரு. அவங்க பக்கமும் இல்ல, எங்க பக்கமும் இல்ல. அந்த இன்ஸ்பெக்டருகூட உங்களோட ட்ரெய்னிங் படிச்சவராமே, உங்க வூட்லதானே டீ குடிச்சிட்டுப் போனாரு? "ஞானதாசு சொல்லல, எனக்குத் தெரியும்"னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊர் கேக்கும். கற்பூரம் வேணாம்னுடுவாங்க.

எத்திராஜ்: எனக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாங்களே... அப்போ யார்தான் சொன்னாங்கன்னு கேப்பாங்களே.

ஞானதாஸ்: அது தெரியாதுன்னு சொல்லிடுங்க சார்.

வசந்தா: அவரு வருவாருண்ணே.

எத்திராஜ்: வசந்தா...

வசந்தா: வருவாரு. நீங்க முன்னால போங்க. இந்தாங்க, இந்த அதிரசத்தை சலோமிகிட்ட குடுங்க. சாமிக்குப் படைச்சது இல்ல. இந்த வூட்ல சாமியே இல்ல, தைரியமா தின்னலாம்.

ஞானதாஸ்: இந்த நேரத்துலயும் சிரிக்க வெக்கிறீங்கம்மா... வரேன் சார். கையை வுட்டுடாதீங்க.

வசந்தா: ...தெரு முனை திரும்பிட்டாரு. இப்போ சொல்லுங்க.

எத்திராஜ்: இன்னாத்தைச் சொல்ல?

வசந்தா: "நீ சொன்னியா"ன்னு அந்த மனுசன் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டீங்களே. எப்பிடிங்க வாய் வந்திச்சி? அன்னிக்கு இன்ஸ்பெக்டர் வந்ததும் சக்கரை இல்லைன்னு என்னைக் கடைக்கு வெரட்டினீங்க. டப்பா நெறைய சக்கரை இருந்திச்சி. நான் திரும்பி வரசொல்ல ரெண்டு பேரும் கப்புன்னு வாயை மூடிக்கினீங்க. மறுநாளு பாட்டு நின்னுது.

எத்திராஜ்: தெரிஞ்சிக்கினேவா இத்தினி நாளு கம்முனு இருந்தே?

வசந்தா: நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன். அதுக்குத்தான் தெனம் அவரு பேரை எடுத்து எடுத்து வெச்சேன். நீங்க டீயைத்தான் குத்தம் சொன்னீங்க.

எத்திராஜ்: நான் ரூலைத்தான் சொன்னேன். நீயே சரிதான்னியே! அந்தப் பொண்ணு தொட்டியாண்ட போயி...

வசந்தா: அந்தப் பொண்ணு கதை உங்களுக்கு இப்போதான் தெரிஞ்சிது. அவரு சொல்லசொல்ல நான் உங்க மூஞ்சியைத்தான் பார்த்துக்கினு இருந்தேன்.

எத்திராஜ்: தெரியாட்டி இன்னா? ரூலு ரூலுதான்.

வசந்தா: போன வருசம் வரைக்கும் அதே பாட்டை சாரதா டீச்சர் பாடினாங்க. அதே விபூதி, அதே தட்டு. அப்போ ரூலு எங்க போயிருந்திச்சி? ஆடிக்கு அம்மா வூட்டுக்குப் போயிருந்திச்சா?

எத்திராஜ்: சாரதா டீச்சர் பாடினது பாட்டா? வாய்ப்பாடு.

வசந்தா: ஆங்... வருது, வெளிய வருது. தணிகைவேல் வாத்தியார் பாடினா?

எத்திராஜ்: அவன் பாடினா...

வசந்தா: ஊருக்கு ரூலைச் சொல்லுங்க. எனக்கு நெசத்தைச் சொல்லுங்க.

எத்திராஜ்: நம்ம தெருவுல குழாய் கீது. அத்த வுட்டுட்டு நீ ஏன் பள்ளிக்கூடத்தாண்ட கீற குழாய்க்கு வந்தே? நான் பார்க்கலைன்னு நெனைச்சியா? பெல்லு அடிச்சதும் குடத்தோட வந்துடுவ. குடத்தைக் குழாயில வெச்சிட்டு வேலியைப் புடிச்சிக்கினு நிப்ப. குடம் ரொம்பி, வழிஞ்சி, ரோடெல்லாம் சேறு. நீ நகர மாட்ட. பாட்டு முடிஞ்சாத்தான் போவ. சாரதா டீச்சர் பாடினப்போ ஒரு நாளு வந்தியா நீ?

வசந்தா: வரல.

எத்திராஜ்: அவன் இழுத்துப் பாடப் பாட உன் மூஞ்சி மாறும் பாரு...

வசந்தா: எப்பிடி மாறும்?

எத்திராஜ்: போதும் வுடு.

வசந்தா: சொல்லுங்களேன்.

எத்திராஜ்: கண்ணாலம் ஆன புதுசுல உத்திரமேரூர் சந்தையில உனக்குப் பச்சை வளையல் வாங்கிப் போட்டேனே... அன்னிக்குப் பார்த்தேன் அந்த மூஞ்சியை. அப்பால வேலியாண்டதான் பார்த்தேன். எனக்கு எப்பிடி இருக்கும், சொல்லு. ராத்திரி கணக்கு நோட்டைத் திருத்தினா, கூட்டல்ல உன் மூஞ்சி வருது, கழித்தல்ல அவன் சீப்பு வருது.

வசந்தா: அதுக்காக ஒரு மனுசனை ஊரை வுட்டு அனுப்பி, இன்னொருத்தரைக் கற்பூரத்துக்கு முன்னால நிறுத்தி...

எத்திராஜ்: அவனை ஊர் மாத்துவாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. பாட்டு நின்னா நீ வர மாட்ட, அவ்வளோதான் நெனைச்சேன். ஞானதாசு தலையில வந்து விடியும்னு சத்தியமா...

வசந்தா: சத்தியம் பண்ணாதீங்க. அங்க ஒருத்தர் சத்தியத்துக்குப் பயந்து நின்னுக்கினு கீறாரு. இருட்டப் போவுது.

எத்திராஜ்: போறேன். சட்டையை எடு.

வசந்தா: இன்னான்னு சொல்லுவீங்க?

எத்திராஜ்: நான்தான் சொன்னேன்னு சொல்லுவேன். வேற இன்னா சொல்ல? இந்த வூட்டுக்காரரே கோயில் தர்மகர்த்தா. நாளைக்கு வூட்டைக் காலி பண்ணச் சொல்லுவாரு.

வசந்தா: சொன்னா பண்ணுவோம். சாமான் இன்னா கீது, நாலு பானை, உங்க புஸ்தகம்.

எத்திராஜ்: ஆனா பாட்டை நிறுத்தினது தப்புன்னு சொல்ல மாட்டேன் வசந்தா. நான் எதுக்குச் சொன்னேங்கறது அசிங்கம்தான். ஆனா ஒரு பொண்ணு நெத்தியைத் திருட்டுத்தனமா தொடச்சிக்கினு கிளாசுக்கு வருது, கணக்குச் சொல்லிக் குடுக்கற எனக்கு அது தெரியல பாரு. அத்த அங்க சொல்லுவேன். இனிமே அது மாதிரி கூடாதுன்னும் சொல்லுவேன்.

வசந்தா: சொல்லுங்க. இப்போ புஸ்தகம் இல்லாம சொன்னீங்க இல்ல, அப்பிடியே சொல்லுங்க. அந்தக் கருப்புச் சட்டை வேணாம். கட்சிக்காகப் பேசறாப்பல ஆயிடும். வெள்ளையைப் போடுங்க.

எத்திராஜ்: அப்பால தணிகைவேலுகிட்டயும் போயி...

வசந்தா: அதிரசத்தை நீங்களே எடுத்துக்கினு போயி குடுங்க.

எத்திராஜ்: அடிப்பானா?

வசந்தா: பாடற மனுசன், அடிக்க மாட்டாரு. திட்டினா வாங்கிக்குங்க.

எத்திராஜ்: ம்... வசந்தா.

வசந்தா: இன்னாங்க? செருப்பு அந்தப் பக்கம் கீது.

எத்திராஜ்: ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் கோச்சிக்க மாட்டேன். நீ வந்தது... பாட்டுக்கா, அவனுக்கா?

வசந்தா: கொடிக்கம்பம் வேலியை ஒட்டித்தானே கீது?

எத்திராஜ்: ஆமா.

வசந்தா: அவரு கம்பத்தாண்ட நின்னுகினு, பசங்களைப் பார்த்துப் பாடுவாரு. வேலிக்கு இந்தாண்ட நிக்கிற எனக்கு இன்னா தெரியும்?

எத்திராஜ்: ...முதுகு.

வசந்தா: முதுகு, அதுல வேர்வை. அத்தப் பார்க்கவா குடம் வழிய நின்னேன்? நீங்க எங்க நிப்பீங்க?

எத்திராஜ்: நானா? கடைசி வரிசைக்குப் பின்னால. பசங்க ஒழுங்கா நிக்கிறாங்களான்னு பார்த்துக்கினு... கொடியைப் பார்த்தாப்பல...

வசந்தா: கொடியைப் பார்த்தாப்பலன்னா, வேலியைப் பார்த்தாப்பல.

எத்திராஜ்: வசந்தா... நீ என்னையா...

வசந்தா: சாமியும் இல்ல பூதமும் இல்லன்னு வூட்ல ஒரு பாட்டுக்கு உதட்டைப் பிரிக்காத மனுசன், கழுத்தை ஒரு பக்கமா சாய்ச்சிக்கினு, அந்த முருகன் பாட்டை ஒரு வரி வுடாம வாய்க்குள்ளயே பாடுவீங்க. சாரதா டீச்சர் பாடினப்போ ஏன் வரலைன்னு கேட்டீங்களே, அந்த வாய்ப்பாட்டுக்கு நீங்க எங்க பாடியிருக்கப் போறீங்க, நான் எதுக்கு வரணும்? நம்ம தெருக் குழாயில தண்ணி வராத ஒரு நாளு அந்தப் பக்கம் வந்தேன், பார்த்துட்டேன். சொன்னா அந்த நிமிசமே வாயை மூடிடுவீங்கன்னு சொல்லல. எனக்கு ஒரு நாளும் காட்டாத மூஞ்சியை ஒரு பாட்டுக்குக் காட்டறாரேன்னு அந்தப் பாட்டு மேல எனக்குப் பொறாமையாத்தான் இருந்திச்சி. ஆனாலும் அந்த மூஞ்சியைப் பார்க்க எனக்குன்னு இருந்தது அந்த வேலி ஒண்ணுதாங்க... போங்க, ஞானதாசு அண்ணன் காத்துக்கினு இருப்பாரு.